வாழ்ந்தபோது களிமண், மறைந்தபின் வெண்கலம்: சிற்பி யாக்கப் ஃபியெல்டே – ஒரு நிகழ்வு ஆய்வு

யாக்கப் ஃபியெல்டே அமெரிக்காவில் வாழ்ந்தது ஒன்பதே ஆண்டுகள். 1887இல் நார்வேயிலிருந்து மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரத்துக்கு வந்தார். 1896 மே மாதம் அதே ஊரில் இறந்தார். வயது 37. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் முக்கியமான சிலைகளின் திறப்பு விழா ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். வயலின் மேதை ஓலெ புல் சிலை, 1897 மே. கெட்டிஸ்பர்க் போர்க்கள நினைவுச்சின்னம், 1897 ஜூலை. நார்வே நாடக ஆசிரியர் ஹென்ரிக் இப்சனின் மார்பளவுச் சிலைகள், 1907, 1912, 1913. ஹயவாதா–மின்னஹாஹா வெண்கலச் சிலை, 1912. இந்த விழாக்களில் ஒன்றில்கூட அவர் இல்லை.

அற்ப ஆயுளில் போன கலைஞர் என்று இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி நகர்ந்தால் இந்த வாழ்க்கை கற்றுத்தரும் முக்கியமான பாடம் தவறிப்போகும். ஓவியர் ஒருவர் யாரும் கேட்காவிட்டாலும் தன் காசில் துணியும் வண்ணமும் வாங்கி வரைந்து வைக்கலாம். ஆள் உயர வெண்கலச் சிலைக்கு அந்த வழி கிடையாது. அதற்கு ஓர் ஊரோ, சங்கமோ, அரசோ பின்னால் நின்றாக வேண்டும். ஒரு நாட்டுக்குப் புதிதாக வந்த சிற்பிக்குப் பின்னால் யார் நின்றார்கள், எதற்காக நின்றார்கள், எவ்வளவு தாமதமாக நின்றார்கள் என்பதைப் பார்க்க ஃபியெல்டேயின் வாழ்க்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சிற்பி முதலில் இரும்புக் கம்பியில் ஒரு எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் களிமண்ணை ஏற்றுவார். கை, விரல், துணி மடிப்பு எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் பிறக்கின்றன. களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் வேலை முடியும்வரை ஈரத்துணி போர்த்திக் காப்பாற்ற வேண்டும். வடிவம் முடிந்ததும் அதன்மேல் பிளாஸ்டரை அப்பி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் மறுபடியும் பிளாஸ்டரை ஊற்றினால் வெள்ளைச் சிலை கிடைக்கும். களிமண் அதோடு போய்விடும். இந்தப் பிளாஸ்டர் சிலையை வைத்துத்தான் வார்ப்படச் சாலையில் வெண்கலம் வார்ப்பார்கள். செலவில் பெரும்பகுதி கடைசிக் கட்டத்தில் வருகிறது. சிற்பியின் கை பெரும்பாலும் பிளாஸ்டரோடு முடிந்துவிடுகிறது. பிளாஸ்டருக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மாதமாகவும் இருக்கலாம், இருபது ஆண்டாகவும் இருக்கலாம்.

ஓலெஸுண்டிலிருந்து

1859 ஏப்ரலில் நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஓலெஸுண்ட் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தார். அப்பா மரச்செதுக்குக் கலைஞர். உளி பிடிக்கும் வீட்டில் பிறந்த பிள்ளை பிறகு முறையாகப் படிக்கக் கிளம்பியது. அன்று கிறிஸ்டியானியா என்று அழைக்கப்பட்ட இன்றைய ஒஸ்லோவில் பிரின்யுல்ஃப் பெர்க்ஸ்லியனிடம் பயின்றார். ஒஸ்லோ அரண்மனை முன்னால் குதிரை மேல் இருக்கும் மன்னர் கார்ல் யோஹானின் சிலையைச் செய்தவர் இந்த பெர்க்ஸ்லியன். சில ஆண்டுகள் கழித்து அதே ஆசிரியரிடம் வந்து சேர்ந்த இன்னொரு இளைஞர் குஸ்தாவ் விகெலாண்ட். நார்வேயின் மிகப் பெரிய சிற்பி என்று பின்னாளில் பெயரெடுத்தவர். பெர்க்ஸ்லியனுக்குப் பிறகு ஃபியெல்டே கோபன்ஹேகன் கலைக்கழகத்திலும் ரோமிலும் பயின்றார்.

இவ்வளவு படித்தவர் ஏன் ஊரைவிட்டுப் போனார்? நார்வே அன்று ஸ்வீடன் மன்னரின் கீழ் இருந்த சிறிய, ஏழ்மையான நாடு. 1905இல்தான் தனியாகப் பிரிந்தது. நினைவுச்சின்னங்களுக்குச் செலவழிக்கும் வசதி உள்ள ஊர்கள் குறைவு; கிடைக்கும் வேலை சிலருக்கே போதும். இன்னொரு பக்கம் நாடே கப்பலேறிக்கொண்டிருந்தது. 1825இல் ஸ்டவாங்கரிலிருந்து ஒரு சிறு பாய்மரக் கப்பலில் தொடங்கிய பயணம் அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சம் பேரைத் தாண்டியது. மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் ஐரோப்பாவில் அயர்லாந்து மட்டுமே நார்வேக்கு முன்னால் நிற்கிறது. 1882 என்ற ஒரே ஆண்டில் 28,000 பேருக்கு மேல் கிளம்பினார்கள். பெரும்பாலோர் நிலம் தேடிப் போன விவசாயிகள். அந்தக் கூட்டத்தில் ஒரு சிற்பியும் போனார்.

கிளம்புவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அவர் செய்த ஒரு வேலை வாழ்நாள் முழுக்க, ஏன், அதற்குப் பிறகும் அவருக்குத் துணை நின்றது. 1864 முதல் வெளிநாட்டிலேயே வாழ்ந்துவந்த நாடக ஆசிரியர் இப்சன் 1885 கோடையில் தாய்நாட்டுக்கு வந்து, ஓலெஸுண்டுக்கு அருகில் உள்ள மோல்டெ நகரத்தில் தங்கினார். ஃபியெல்டே அவரை நேரில் பார்த்துக் களிமண்ணில் வடித்தார். பார்த்துச் செய்த முகத்துக்கும் புகைப்படத்தை வைத்துச் செய்த முகத்துக்கும் உள்ள வேறுபாடு சிற்பக்கலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரு கன்னத்திலும் விரியும் கிருதா, மேலெழுந்து நிற்கும் தலைமுடி, இறுகி மூடிய உதடு. உலகம் இப்சனை அடையாளம் காணும் அந்த முகத்தை, அவருக்கு 57 வயதாக இருந்தபோது, மிக அருகில் இருந்து பார்த்தவரின் கை அதில் இருக்கிறது.

மாவு ஆலைகளின் நகரம்

1880இல் மினியாபொலிஸின் மக்கள்தொகை 46,887. பத்தே ஆண்டில் அது 1,64,738 ஆனது. மிசிசிப்பி ஆற்றின் அருவியில் ஓடிய மாவு ஆலைகளும் மர அறுவை ஆலைகளும் பணத்தைக் கொட்டின. வசதி வந்த ஊருக்கு அடுத்து வேண்டியது நூலகம், பல்கலைக்கழகம், பூங்கா, அவற்றில் வைக்கச் சிலை. ரோமில் படித்துவிட்டு வந்த சிற்பி அந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்று சொல்லுமளவுக்குப் போட்டி குறைவு. நியூயார்க்கில் இறங்கியிருந்தால் ஃபியெல்டே யாரோ ஒரு பெரிய சிற்பியின் கூடத்தில் பத்தோடு பதினொன்றாக இருந்திருப்பார். சிகாகோவுக்கும் மேற்கே போய் நின்றது நல்ல கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

முதலில் கிடைத்த பெரிய வேலைகளில் ஒன்று 1889இல் திறந்த பொது நூலகத்துக்கான மினர்வா. ரோமானியரின் கல்விக் கடவுள். வாழும் காலத்திலேயே அவர் கண்டுகளித்த வெண்கலம் இது. அந்த நூலகக் கட்டடம் 1961இல் இடிக்கப்பட்டது. மினர்வா தப்பித்து, இன்று நகரின் மத்திய நூலகத்தில் இருக்கிறாள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நூலகக் கட்டடத்து நுழைவாயிலுக்கு மேலே 24 உருவங்களையும் அவர் செய்தார். இவை பிழைப்புக்கான வேலைகள், திறமாகச் செய்யப்பட்டவை.

அவர் மனசு வைத்துச் செய்தவை வேறு. தன் மக்கள் கேட்ட முகங்கள் ஒரு பக்கம், குடியேறிய மண்ணின் கதைகள் மறுபக்கம்.

ஓலெ புல், பெர்கன் நகரத்தில் 1810இல் பிறந்த வயலின் கலைஞர். ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடிய பெயர். 1852இல் பென்சில்வேனியாவில் நிலம் வாங்கி நார்வேக்காரர்களுக்கென்று ஒரு குடியிருப்பை உருவாக்கப் பார்த்துத் தோற்றவர். அதற்கு முந்தைய ஆண்டு, யாருக்கும் தெரியாத 23 வயது இப்சனைப் பெர்கன் நாடக அரங்குக்கு வேலைக்கு அழைத்தவரும் இவரே. கோதுமை வயலிலும் ஆலையிலும் உழைத்துக்கொண்டு, மொழி தெரியாத ஊரில் ‘நீங்கள் யார்’ என்ற கேள்வியைத் தினமும் சந்தித்துக்கொண்டிருந்த குடியேறிகளுக்கு, ‘நாங்கள் இவருடைய ஆட்கள்’ என்று கைகாட்ட ஒருவர் தேவைப்பட்டார். மினியாபொலிஸின் லோரிங் பூங்காவில் வயலினோடு நிற்கும் ஓலெ புல் அந்தத் தேவையில் எழுந்தவர். 1897 மே 17, நார்வேயின் அரசியல் சட்ட நாளன்று சிலை திறக்கப்பட்டது. ஃபியெல்டே இறந்து ஓராண்டு முடிந்திருந்தது. பெர்கன் தன் பிள்ளைக்குச் சிலை வைத்தது 1901இல். சொந்த ஊரைவிட நாலு ஆண்டு முந்திக்கொண்டது கடல் கடந்த ஊர். புலம்பெயர்ந்தவர்களின் நினைவுக்கு எப்போதும் இந்த அவசரம் உண்டு.

262 பேர்

அவர் படைப்புகளிலேயே மேலானது எது என்று கேட்டால் தயங்காமல் கெட்டிஸ்பர்க்கைச் சொல்வேன்.

1863 ஜூலை 2, மாலை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் இரண்டாம் நாள். வட தரப்பின் அணிவகுப்பில் நடுவே ஒரு பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. அதை நோக்கித் தென் தரப்பின் அலபாமா படைப்பிரிவு ஒன்று வந்துகொண்டிருக்கிறது. பின்னாலிருந்து துணைப்படை வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். தளபதி ஹேன்காக்கின் கண்ணில் பட்டது மினசோட்டாவின் முதல் படைப்பிரிவின் எட்டு கம்பெனிகள் மட்டுமே. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய எதிரியின்மேல் பாயச் சொன்னார். கர்னல் வில்லியம் கோல்வில் தலைமையில் பாய்ந்தார்கள். நினைவுச்சின்னத்தில் பொறித்துள்ள கணக்குப்படி பாய்ந்தவர்கள் 262 பேர். செத்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் 215. இடைவெளி அடைபட்டது.

போர் நினைவுச் சிலைகளில் அன்று வழக்கமாக இருந்த வடிவம், துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, தொப்பி அணிந்து, விறைப்பாக நிற்கும் வீரன். நாடெங்கும் ஊருக்கு ஊர் அவன் நின்றான். கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஃபியெல்டே அதைச் செய்யவில்லை. உயரமான கருங்கல் பீடத்தின் உச்சியில் அவருடைய வீரன் ஓடுகிறான். துப்பாக்கி முனையில் கத்தி பொருத்தியிருக்கிறது. உடம்பின் பாரம் முழுவதும் முன்காலுக்குப் போயிருக்கிறது. தோள் முன்னால் சாய்ந்திருக்கிறது. இன்னொரு எட்டு வைக்காவிட்டால் விழுந்துவிடுவான். வெண்கலத்தில் இப்படி ஓடவிடுவது எளிதல்ல. சிலையின் எடை சமநிலையில் நிற்க வேண்டும், கண்ணுக்கு மட்டும் சமநிலை குலைந்த மாதிரித் தெரிய வேண்டும். மரத்தில் உருவம் செதுக்கிய அப்பாவும், குதிரையின் காலைத் தூக்கி நிறுத்திய ஆசிரியரும் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த ஒரு உடம்பில் கூடி வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

நார்வேக்காரச் சிற்பி, தான் பார்க்காத போரை, தான் பிறந்து நாலு வயதில் நடந்த சண்டையை, அதில் விழுந்தவர்களின் மாநிலத்துக்காகச் செய்துகொடுத்தார். நினைவுச்சின்னத்தில் பொறித்த ஆண்டு 1893. முறையான அர்ப்பணிப்பு விழா நடந்தது 1897 ஜூலை 2. ஓலெ புல் திறப்பு விழா முடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை.

சிகாகோ, 1893

அந்த ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி. ஃபியெல்டே குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய ஆண்டு வாய்க்கவில்லை. மினசோட்டா மாநிலத்தின் அரங்கில் அண்ணனின் பிளாஸ்டர் சிலை நின்றது. தங்கை பாலினும் இன்னொரு சகோதரி தோமானேயும் மினியாபொலிஸில் பூத்தையல் தொழில் நடத்திவந்தார்கள். மாநிலத்தின் முதல் கொடியைத் தைக்கும் வேலை அவர்களிடம் வந்தது. வடிவமைத்தவர் அமீலியா ஹைட் சென்டர். பட்டில் இழை இழையாகப் பின்னியவர்கள் இந்தச் சகோதரிகள். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் நீலம். கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மினசோட்டாவின் கொடியும் மினசோட்டாவின் போர்ச்சின்னமும் ஒரே குடிபெயர்ந்த வீட்டின் கைகளிலிருந்து வந்தவை. சிற்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சகோதரிகளை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. நூலும் ஊசியும் உளிக்குக் கீழே இல்லை.

சிகாகோவில் நின்ற அந்தப் பிளாஸ்டர் சிலைதான் ஹயவாதா–மின்னஹாஹா. காதலியை இரு கைகளிலும் ஏந்தி ஓடையைக் கடக்கும் இளைஞன். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1855இல் வெளியிட்ட நெடுங்கவிதையிலிருந்து எடுத்த காட்சி. மினியாபொலிஸில் சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மின்னஹாஹா அருவி இந்தக் கவிதையால் உலகப் புகழ் பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த சில்லறைக் காசும் சேர்ந்து, 1912இல் அருவிக்குச் சற்று மேலே ஓடையின் நடுவில் வெண்கலமாக வைக்கப்பட்டது. கண்காட்சி முடிந்து பத்தொன்பது ஆண்டுகள். முன்னால் சொன்ன இடைவெளி இங்கே ஒரு தலைமுறை நீளம்.

இன்று மினியாபொலிஸ் போகிறவர்கள் அதிகம் படம் எடுப்பது இந்தச் சிலையைத்தான். ஏந்திய உடலின் வளைவும் தண்ணீரில் கால் வைக்கும் எச்சரிக்கையும் அழகு. அழகு என்று சொல்லி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. லாங்ஃபெலோ அந்த அருவியைப் பார்த்ததே இல்லை. கவிதையின் கதைகள் அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களுடையவை. நாயகனுக்கு வைத்த பெயர் கிழக்கே வாழ்ந்த இரோக்குவா தலைவர் ஒருவருடையது. அருவியோ டகோட்டா மக்களின் நிலத்தில் இருக்கிறது. மூன்று இனங்களைக் கலந்து ஒரு காதல் கதையாக்கினார்கள். அதைவிடக் கசப்பானது வரலாறு. டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் நடந்த 1862 போருக்குப் பிறகு மினசோட்டாவின் மான்கேட்டோ ஊரில் டகோட்டா ஆண்கள் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று சுமார் 1,600 பேர் அந்தக் குளிர்காலத்தில் அடைத்துவைக்கப்பட்ட ஸ்னெல்லிங் கோட்டை, அருவியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர்கள் மாநிலத்தைவிட்டே விரட்டப்பட்டார்கள். அந்த மண்ணில் குடியேறியவர்களில் நார்வே விவசாயிகளும் அடக்கம்.

ஃபியெல்டே வந்தபோது இதெல்லாம் நடந்து 25 ஆண்டு ஆகியிருந்தது. அவரை இதற்குக் குற்றவாளியாக்குவது சரியில்லை. ஆனாலும் மண்ணைப் பறிகொடுத்தவர்களைக் கவிதைப் பாத்திரங்களாக மட்டும் பார்த்துப் பழகிய ஊருக்கு, அந்த ஊர் விரும்பிய மாதிரியே ஒரு சிலை செய்துகொடுத்தார் என்பது உண்மை. இப்சனின் முகத்துக்கு எதிரே ஒரு மனிதர் இருந்தார். ஹயவாதாவுக்கு எதிரே ஒரு புத்தகம்தான் இருந்தது. சிற்பத்தில் அந்த வேறுபாடு எனக்குத் தெரிகிறது. கெட்டிஸ்பர்க் வீரனின் உடம்பில் இருக்கும் தவிப்பு இதில் இல்லை.

மிச்சம்

1893 கண்காட்சிக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அதே ஆண்டு அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி வெடித்தது, வங்கிகள் சரிந்தன. புகழ் வந்த நேரத்தில் பணம் இல்லாமல் போனது. மூன்று ஆண்டில் அவரும் போய்விட்டார். பிளாஸ்டர் உருவங்களும் சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பமும் மிஞ்சின.

பிளாஸ்டரைக் காப்பாற்றியவர்கள் நார்வே வழிவந்த மக்கள். மோல்டெயில் பிறந்த இப்சன் முகம் 1907இல் செயின்ட் பால் நகரின் கோமோ பூங்காவிலும், 1912இல் வடக்கு டகோட்டாவின் வாபெட்டனிலும், 1913இல் பசிபிக் கரையோர டகோமாவின் ரைட் பூங்காவிலும் நிறுவப்பட்டது. குடியேறிகள் மேற்கே நகர நகர இப்சனும் கூடவே நகர்ந்தார். ஒரு கோடையில் ஒரு மனிதர் முன்னால் உட்கார்ந்து செய்த வேலை மூன்று மாநிலத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பா இறந்தபோது மகன் பாலுக்கு வயது மூன்று. வடக்கு டகோட்டாவின் வேலி சிட்டியில் வளர்ந்தார். சிகாகோவில் லோராடோ டாஃப்டிடம் பயின்று அவரும் சிற்பியானார். நார்வே அரசியல் சட்டத்தின் நூற்றாண்டில் வடக்கு டகோட்டா மக்கள் நார்வேக்கு ஒரு பரிசு கொடுக்க விரும்பினார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பால், ஆபிரகாம் லிங்கனின் மார்பளவுச் சிலையைச் செய்தார். 1914 ஜூலை 4 அன்று ஒஸ்லோவின் ஃப்ரோக்னர் பூங்காவில் ஆளுநர் லூயிஸ் ஹன்னா முன்னிலையில் அது திறக்கப்பட்டது. 1940 முதல் 1945 வரை ஜெர்மானியப் படைகள் நார்வேயைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், ஜூலை 4 அன்று மக்கள் இந்தச் சிலையின் முன் வாய்பேசாமல் கூடி எதிர்ப்பைக் காட்டினார்கள். அப்பாவோடு ஒரே ஆசிரியரிடம் பயின்ற விகெலாண்டின் சிற்ப உலகம் முழுவதும் விரிந்திருப்பது அதே பூங்காவில்.

மகன் பாலுடைய இன்னொரு முக்கியமான வேலை விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் இருக்கிறது. அது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக்கின் சிலை. ஹெக், நார்வேயின் லியர் ஊரிலிருந்து சிறுவனாக வந்தவர். அடிமை முறையை எதிர்த்தவர். பெரும்பாலும் ஸ்காண்டிநேவியர்களைக் கொண்ட 15ஆம் விஸ்கான்சின் படைப்பிரிவின் கர்னல். கெட்டிஸ்பர்க்குக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள், 1863 செப்டம்பரில், சிக்கமாகா சண்டையில் உயிர்விட்டார். நிறவெறிக்கு எதிரான 2020 ஜூன் போராட்டங்களின்போது இவருடைய சிலையைக் கூட்டம் இழுத்துச் சாய்த்து ஏரியில் எறிந்தது. அடிமைத்தனத்துக்கு எதிராக உயிரைக் கொடுத்தவரின் சிலைக்கு அந்தக் கதி வந்தது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. பழுது பார்த்து 2021இல் பழைய இடத்திலேயே மறுபடி நிறுவினார்கள்.

மூன்றாம் தலைமுறை சிற்பத்தைவிட்டு எழுத்துக்குப் போனது. பாலுடைய மகன் ரோல்ஃப் ஃபியெல்டே இப்சனின் உரைநடை நாடகங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அமெரிக்காவின் பல மேடைகளில் ஒலித்தது அவருடைய மொழி. அமெரிக்க இப்சன் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

இந்தச் சிலைகளைப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு ஒரு யோசனை. மினியாபொலிஸில் மத்திய நூலகத்து மினர்வா, லோரிங் பூங்கா ஓலெ புல், அருவி மேலே ஹயவாதா மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அருவி வரை போனவர்கள் ஸ்னெல்லிங் கோட்டைக்கும் போய்வர வேண்டும். பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் வீரனை நேர் முன்னாலிருந்து பார்த்தால் ஓட்டம் தெரியாது. பீடத்தின் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.